இக்கரையில் ஒரு டிராம் கொட்டகை

(கெப்பாலா பத்தாஸில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிராம் வண்டி ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஊரில் நின்றுகொண்டு டிராமைப் பற்றிப் பேசப்போகிறேன். பினாங்குத் தீவில் டிராம் ஓடிய காலத்தில் கெப்பாலா பத்தாஸ்காரர் ஒருவர் அதில் ஏற ஆசைப்பட்டால் முதலில் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும், அங்கே படகு பிடிக்க வேண்டும், கடலைத் தாண்டிக் கரையேற வேண்டும். அப்புறம்தான் டிராம். "இந்தப் பேச்சை அக்கரையில் போய்ப் பேசக் கூடாதா?" என்று அவைத் தலைவர் சற்று முன் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். பினாங்கு மாநிலத்துக்கு ஒரு போக்குவரத்து அருங்காட்சியகம் வேண்டும். அது கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையில் அமைய வேண்டும். அதில் வண்டிகளுக்கு முன்னால் வண்டிகளை ஓட்டியவர்களின் கதை இடம்பெற வேண்டும். இதுதான் என் கட்சி. இதை அக்கரையில் பேசினால் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். இங்கே பேசினால் ஏதாவது நடக்கும் என்று நம்பி வந்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் முனை உங்களுக்குத் தெரியும். 2004இல் அங்கே சாலையைத் தோண்டியபோது தாருக்கு அடியிலிருந்து தண்டவாளம் தலைகாட்டியது. அதை மறுபடி மூடிவிடாமல், ஒரு துண்டு வெளியே தெரியும்படி விட்டு, பக்கத்தில் விளக்கப் பலகையும் வைத்தார்கள். நல்ல காரியம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போனால் இரும்பைக் குனிந்து பாருங்கள்.

ரயில் தண்டவாளம் தரைக்கு மேலே எழும்பி நிற்கும். தெருவில் போடும் டிராம் தண்டவாளம் சாலை மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும். அதன் தலையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். சக்கரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உருளும். ரிக்‌ஷாவும் மாட்டு வண்டியும் சைக்கிளும் ஒரே சாலையைப் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. இரும்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அத்தனையும் கவிழும். அந்தப் பள்ளத்துக்குக் கெடுதலும் உண்டு. மெல்லிய சக்கரம் சாய்வாக வந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். மழை பெய்தால் மண்ணும் சருகும் அடைத்துக்கொள்ளும். பினாங்கு மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஓர் ஆள் அதை ஓயாமல் சுரண்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். டிராம் என்றதும் பலருக்கு மணியோசையும் மெழுகிட்ட மரப்பலகை இருக்கையும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அந்தச் சுரண்டுகிற ஆள்தான் முதலில் கண்ணில் தெரிகிறார். அவர் படம் எந்தப் பலகையிலும் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880களில் தீவில் நீராவி டிராம் வந்தது. குதிரை இழுக்கும் டிராமும் இருந்தது. 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. துறைமுகப் படித்துறையிலிருந்து ஊருக்குள் நுழைந்து டத்தோ கிராமாட் சாலை வழியாக ஆயர் ஈத்தாம் வரை அதன் தடம் போனது. அதை நடத்தியது நகராண்மைக் கழகம். மின்சாரத்தைத் தயாரித்ததும் அதே நகராண்மைக் கழகம்தான். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மின்சாரத்தை இரவில் விளக்குக்குத்தான் வாங்கினார்கள். பகலில் வாங்க ஆள் இல்லை. மின்நிலையத்தைப் பகலெல்லாம் சும்மா வைத்திருந்தால் நஷ்டம். பகலில் டிராம் ஓட்டினால் அந்த மின்சாரத்துக்கும் காசு வரும். உலகத்தில் எத்தனையோ நகரங்கள் விளக்கையும் டிராமையும் ஒரே கையில் வைத்திருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

1925இல் டிராலி பஸ் வந்தது. தண்டவாளம் வேண்டாம், ரப்பர் சக்கரம், ஆனால் தலைக்கு மேலே கம்பியிலிருந்து மின்சாரம். 1936இல் டிராம் நின்றுபோனது. டிராலி பஸ்களும் 1961இல் நின்றன. இவ்வளவையும் ஆண்டுவாரியாகத் தோண்டி எடுத்து ரிக் ஃபிரான்சிஸ், காலின் கான்லி என்ற இருவர் 2006இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். டிராம், டிராலி பஸ், ரயில் எல்லாம் அதில் உண்டு. கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

டிராமுக்கும் டிராலி பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அருங்காட்சியகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் தாசெக் குளுகோர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். மேடையில் நின்று மேலே பார்த்தால், ஒரு தடத்துக்கு மின்சாரம் எடுக்கும் கம்பி ஒன்றுதான். ரயில் பெட்டியின் கூரையிலிருந்து ஒரு கை நீண்டு அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். மின்சாரம் வரும் வழி அது. திரும்பிப் போகும் வழி எங்கே? காலடியில் கிடக்கும் தண்டவாளம்தான். டிராமும் அப்படியே: மேலே ஒரு கம்பி, கீழே இரும்பு. டிராலி பஸ்ஸுக்குக் கீழே ரப்பரும் தாரும்தானே? மின்சாரம் திரும்ப வழியில்லை. ஆகவே மேலேயே இரண்டாவது கம்பி கட்டினார்கள். வண்டியின் தலையிலும் இரண்டு கம்புகள். பழைய பினாங்குப் படம் கையில் கிடைத்தால் கம்பியை எண்ணுங்கள். டிராம் காலமா, டிராலி பஸ் காலமா என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். கொமுட்டர் ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் முடிகிற பாடம். எந்தப் பாடநூலிலும் இதை நான் பார்த்ததில்லை.

சரி, டிராம் ஏன் செத்தது? "காலம் மாறிவிட்டது" என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். காலம் எதையும் தானாக மாற்றுவதில்லை. யாரோ கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். தெருவில் கிடக்கும் தண்டவாளம் தேயும். முப்பது வருஷம் ஓடிய தடத்தைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவதென்றால் பெரிய செலவு. அதே நேரத்தில் மலாயா, சிங்கப்பூர் தெருக்களில் கொசு பஸ் என்று பேர் வாங்கிய சின்னச் சின்னத் தனியார் பஸ்கள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, டிராமுக்கு முன்னால் வெட்டிப் புகுந்து, நின்றவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். தடத்தைப் பராமரிக்கும் செலவு கொசு பஸ்ஸுக்குக் கிடையாது. அது ஓடும் சாலையை யார் போடுகிறார்கள் என்ற கவலையும் கிடையாது. டிராம் கணக்கில் மட்டும் தடத்தின் செலவு முழுதும் ஏறியது. அப்புறம் டிராம் நஷ்டம் என்று எழுதினார்கள். இந்தக் கணக்கு முறையை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மின்சார டிராம் 1927இல் முடிந்தது. கொழும்பில் 1899இல் வந்தது, 1960இல் போனது. நம் முன்னோர் கப்பலேறிய சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். நடத்திய கம்பெனி நொடித்துப்போய் 1953இல் நிறுத்தினார்கள். இவையெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஹாங்காங்கைப் பாருங்கள். 1904இல் தொடங்கினார்கள், பினாங்குக்கு இரண்டே வருஷம் முன்னால். இன்றைக்கும் இரண்டு மாடி டிராம் காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கேயும் பஸ் வந்தது, கார் வந்தது, சுரங்க ரயிலும் வந்தது. டிராம் தன் தடத்தை விட்டு நகரவில்லை. ஆகவே நமக்கு வேண்டிய அருங்காட்சியகத்தில் வண்டிக்குப் பக்கத்தில் வரவு செலவுப் புத்தகத்தையும் திறந்து வைக்க வேண்டும். எந்த வருஷம் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு, நிறுத்துவதென்று யார் சொன்னார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் பொதுமக்கள் கண்ணில் படட்டும்.

டிராலி பஸ் காலத்துக்கு வந்தால் நம்மவர் ஒருவர் மேடையேறுகிறார். 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். ஒரு காலத்தில் ஸ்காட் சாலை என்று இருந்த சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மேயராக இருந்த நாட்களில் மாநகர மன்றம் மின்சாரத்தையும் பஸ்ஸையும் தானே நடத்தியது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம், மக்கள் ஏறும் வண்டியை நடத்தியது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். 1965க்குப் பிறகு நமக்கு ஊராட்சித் தேர்தலே இல்லை. லண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டை மாடி டிராலி பஸ்கள் கப்பலேறி வந்து பினாங்குத் தெருவில் ஓடியதும் ஐம்பதுகளில்தான். லண்டனுக்குப் பழசு, நமக்குப் புதுசு. அதில் ஏறி மேல்மாடி முன்சீட்டைப் பிடிக்கச் சண்டை போட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

கொடிமலை ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மன்னிக்க மாட்டீர்கள். முதல் முயற்சி தோற்று, இரண்டாவது முயற்சியில் 1923இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் மலையேற வேண்டுமென்றால் நடக்க வேண்டும், மட்டக்குதிரை ஏற வேண்டும், இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் தோளில் போக வேண்டும். உட்கார்ந்தவர்கள் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தூக்கியவர்கள் பெயர் இல்லை. மலை ரயிலின் நுட்பம் எளிமையானது. ஒரே கம்பிவடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும் பாரம் மற்றதை ஏற்ற உதவும். நடுவில் இரண்டும் விலகிப் போக ஓரிடத்தில் மட்டும் தடம் இரண்டாகப் பிரியும். பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்தக் கூட்டத்தில் குழந்தையின் கையை விடாதே என்று அம்மா சத்தம் போட்டது பலருக்கு நினைவிருக்கும். 2010இல் நிறுத்தி, 2011இல் ஒரே மூச்சில் உச்சிக்குப் போகும் புது ரயிலை விட்டார்கள். வேகம் கூடியது, காத்திருப்பும் மாறுதலும் குறைந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெட்டி ஒன்றை ஃபார்குவார் தெரு அருங்காட்சியக வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கம்பிவடமும் சரிவும் இல்லாமல் சமதரையில் நிற்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கும் பிள்ளைக்கு, அதன் தரை ஏன் படிப்படியாக இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

நான் சொல்ல வந்த சங்கடமே இதுதான். பினாங்கில் போக்குவரத்து வரலாறு இல்லாமல் இல்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தண்டவாளம் ஒரு முனையில், மலைப்பெட்டி ஒரு வளாகத்தில். நீல நிற ஹின் பஸ்ஸின் கொட்டகை இன்று ஓவியக் கண்காட்சி நடக்கும் இடம். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், பஸ் மட்டும் இல்லை. 'புலாவ் பினாங்' என்ற பழைய ஃபெர்ரியை அருங்காட்சியகமாக்கி அக்கரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். வெல்ட் கீ கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டோடு நிற்கிறது 1907இல் கட்டிய ரயில் நிலையக் கட்டடம். அந்தக் கட்டடத்துக்கு ரயிலே வந்ததில்லை. தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம். அங்கே டிக்கெட் வாங்கி, ரயில்வே படகில் ஏறி, பிறையில் வந்து இறங்கித்தான் ரயில் பிடிக்க வேண்டும். டிக்கெட் அங்கே, ரயில் இங்கே. பெருமை அக்கரைக்கு, வேலை இக்கரைக்கு என்பது நமக்கு அன்றைக்கே எழுதப்பட்ட எழுத்து.

இக்கரையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பிறையில் ரயில் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1967இல் பிறை ஆற்றுக்குப் பாலம் போட்டு நிலையத்தை பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டதும், சல்லி கொட்டியதும், கட்டை மாற்றியதும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் குமாஸ்தா மேசையிலும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி, ஒரே முருகன், ஆனால் வெவ்வேறு குடியிருப்பு. இதையும் மறைக்காமல் சொல்லும் அருங்காட்சியகம்தான் நமக்கு வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் இதே ரயில்வேயின் சில தடங்களைப் பிடுங்கி, சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதை அப்படிப் போனதுதான். பிறகு திரும்பவே இல்லை. தோட்டங்களிலிருந்து நம்மவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனதும் அதே பாதைக்குத்தான். இரும்பையும் மனிதரையும் ஒரே ரயிலில் ஏற்றிய காலம் அது.

ஃபெர்ரியைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? நெடுங்காலம் பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு வாங்கினார்கள். தீவிலிருந்து திரும்பி வருவதற்குக் காசு வாங்கவில்லை. அப்போது ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. அந்தப் பெரிய ஃபெர்ரிகள் கார்களைச் சுமந்து ஓடியது 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. 1988 ஜூலை 31ஆம் நாளையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா, தீவில் குவான் யின் விழா. கூட்டத்தின் பாரம் தாங்காமல் பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாளுக்கு அருங்காட்சியகத்தில், அழகான சிறு படகுப் பொம்மைகளுக்கு நடுவில் இடமிருக்குமா? இருக்க வேண்டும். மக்கள் நிற்கும் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யார் கணக்கிட்டார்கள், யார் கணக்கிடவில்லை என்பதும் போக்குவரத்து வரலாறுதான்.

கப்பலையும் விட முடியாது. 1926இல் கட்டிய ரஜூலா, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி பினாங்கில் இறக்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வழி. டெக்கில் பாய் விரித்து, கருவாட்டு வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து, வாந்தியும் தாலாட்டுமாக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் மண் பினாங்கு அல்ல, புலாவ் ஜெரெஜாக் தீவின் தனிமை முகாம்தான். ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நமக்கு முடிந்துபோயிற்று. தகரப் பெட்டி ஒன்றின் மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் கிராமமும் எழுதி, அடியில் "பினாங்கு" என்று மட்டும் போட்டிருந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன். தெரு இல்லை, எண் இல்லை. போய்ச் சேர்ந்தால் போதும் என்ற முகவரி. அந்தப் பெட்டியில் இப்போது கிறிஸ்துமஸ் விளக்கும் பழைய ஒயரும் கிடக்கின்றன.

இனி டிராம் ஓட்டும் கதைக்கு வருகிறேன். பாரம்பரிய டிராம் வேண்டும் என்று தீவில் அவ்வப்போது யாராவது சொல்கிறார்கள். 2013இல் வந்த போக்குவரத்துப் பெருந்திட்டத்திலும் டிராம் இருந்தது. ஊருக்குப் பயன்படும் டிராம் என்றால் நான் இரண்டு கையும் தூக்கி ஆதரிப்பேன். சுற்றுப்பயணிகள் செல்ஃபி எடுக்க, டீசல் எஞ்சின் மேல் டிராம் முகமூடி மாட்டி, யுனெஸ்கோ வட்டாரத்துக் குறுகிய தெருக்களில் ஓட்டுவது என்றால் வேண்டவே வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு வாடகை ஏறுவதுதான் மிச்சம்.

பழைய டிராமை உண்மையில் ஓட்டுவதென்றால் என்னென்ன வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் டெர்பிஷையரின் கிரிச் கிராமத்தைப் பார்க்கலாம். 1948இல் சவுத்தாம்ப்டன் நகரத்தில் கழித்துக் கட்டிய ஒரு டிராமைச் சில ஆர்வலர்கள் பத்துப் பவுனுக்கு வாங்கினார்கள். வாங்கிவிட்டார்கள், நிறுத்த இடமில்லை. 1955இல் சங்கம் அமைத்தார்கள். 1959இல் கைவிட்ட சுண்ணாம்புக் கல் குவாரி ஒன்றைப் பிடித்தார்கள். 1963இல் குதிரை இழுத்த டிராம், 1964இல் மின்சார டிராம். வார விடுமுறையில் வந்து தாங்களே தண்டவாளம் போட்டார்கள். இன்றைக்கு அங்கே டிராம் ஓடுவது குவாரியின் ஓரத்தில், ஊர் நடுவில் அல்ல. கொல்கத்தா வேறு விதம். 1873இல் குதிரை டிராம், 1902இல் மின்சார டிராம். இந்தியாவில் டிராம் தங்கிய ஒரே ஊர். 2014இல் எஸ்பிளனேடில் 1938ஆம் ஆண்டு டிராம் ஒன்றையே சிறு அருங்காட்சியகமாக்கினார்கள். உள்ளே ஏறினால் பழைய டிக்கெட், நாணயம், தொப்பி, வில்லை, தேநீரும் கிடைக்கும். பத்து வருஷம் கழித்து, 2024இல், ஒரு சிறு பாரம்பரியத் தடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. அருங்காட்சியகம் திறந்தால் வண்டி பிழைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓடும் டிராமுக்கு அடியில் இறங்கிப் பார்க்கப் பள்ளம் வேண்டும், தேய்ந்த சக்கரத்தைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை வேண்டும், மின்சாரம் படித்த ஆள் வேண்டும், ஓட்டுநருக்குப் பயிற்சி வேண்டும். டிராம் ஓட்டுவது கார் ஓட்டுவது போல அல்ல. திருப்புவதற்கு ஸ்டீயரிங் இல்லை. இடது கையில் வேகக் கைப்பிடி, வலது கையில் பிரேக், காலடியில் மணி. கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பாது. ஓட்டுநர் தன் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். கண்டக்டர் கயிற்றைப் பிடித்து, கூரையில் இருக்கும் கம்பை அரைவட்டம் சுற்றிக் கொண்டுவந்து கம்பியில் மாட்டுவார். முன் பக்கம் பின் பக்கமாகிவிடும், அவ்வளவுதான். இதைச் செய்து காட்ட நீளமான தடமே தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் போதும். ஆனால் கொட்டகைக்கும் பட்டறைக்கும் நிலம் வேண்டும். தீவில் நிலம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் இக்கரை என்கிறேன். நிலம் இருக்கிறது என்பது ஒரு காரணம். ரயிலும் ஃபெர்ரியும் வெளியூர் பஸ்ஸும் கூடும் பினாங்கு சென்ட்ரல் பட்டர்வொர்த்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. முத்தியாரா தடம் என்ற புது எல்ஆர்டி ரயில் பாதையின் வேலை 2025இல் தொடங்கியிருக்கிறது, ஏறத்தாழ 29.5 கிலோமீட்டர். தீவின் தெற்கிலிருந்து கோம்தார் வழியாக வந்து, கடலைத் தாண்டி பினாங்கு சென்ட்ரலில் முடியும். டிராமையும் டிராலி பஸ்ஸையும் தெருவிலிருந்து எடுத்த அதே ஊர், மின்சாரத்தில் ஓடும் பொது வண்டிக்கு மறுபடி பெரும்பணம் போடுகிறது. நல்லதுதான். அந்த ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பழைய கணக்கையும் படித்துவிட்டுப் போகட்டும்.

நிலமும் கட்டடமும் அரசாங்கத்தின் கையில். டிராம் வாங்குவது பணக்காரர்களின் கையில். உங்கள் கையில் இருப்பது வேறு. அப்பா ரயில்வேயில் இருந்தார், தாத்தா துறைமுகத்தில் இருந்தார், மாமா பஸ் கண்டக்டர் என்று சொல்லும் குடும்பம் இந்த அவையில் வரிசைக்கு ஒன்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் டிக்கெட் குத்தும் கருவியைப் பேரப்பிள்ளை விளையாடக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கக் குத்தி வைத்திருந்தான். கருவி பிழைத்தது, அதைப் பிடித்திருந்தவரின் பெயர் கொண்ட அட்டை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது.

ஆகவே வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, தொப்பி வில்லை, ஓட்டுநர் உரிமம், பழைய டிக்கெட், கப்பல் சீட்டு, சீருடையோடு எடுத்த படம் எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்ய வேண்டாம். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருஷம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கைப்பேசியை முன்னால் வைத்துப் பேசவிடுங்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் ஒன்றும் வராது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க, மண்டோர் யாரு, சம்பளம் எவ்வளவு, மத்தியானம் எங்க உட்கார்ந்து சாப்பிட்டீங்க, யாருக்காவது அடிபட்டுச்சா என்று கேளுங்கள். எல்லாம் வரும்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம், நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. உங்கள் பெயரையும், வீட்டில் இருக்கும் பொருள் என்ன என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பொருளை இன்றைக்கே கொடுக்க வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். நாங்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.